சம்பளம் வாங்கிய கைம்பெண்கள்
சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கமாக, வட்டமான முகப்புடன் ஒரு பெரிய கட்டிடம் நிற்கிறது. இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் பழைய சென்னைவாசிகள் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூவுவார்.

1842-ஆம் வருஷம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைப் பத்திரப்படுத்தக் கட்டிய கிடங்கு அது. ஐஸ் வியாபாரம் படுத்த பிறகு, பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இவ்வளவும் பலருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்தில் குடியிருந்தவர்களைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அவர்கள் சின்னஞ்சிறு பெண்கள். பத்து வயது, பன்னிரண்டு வயது. எல்லோரும் விதவைகள்!

அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவரும் ஒரு விதவைதான். அவர் பெயர் சுப்புலட்சுமி. ஊரெல்லாம் அவரை சிஸ்டர் என்று அழைத்தது. அவர் கன்னியாஸ்திரீ அல்ல. பூஜையும் புனஸ்காரமும் உள்ள இந்துக் குடும்பத்துப் பெண். ஆயினும் அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

பதினொரு வயதில்

சுப்புலட்சுமி 1886-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி. குடும்பத்துக்குப் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவில் உள்ள ரிஷியூர் கிராமம். தகப்பனாருக்கு சர்க்கார் உத்தியோகம். வீட்டில் முதல் குழந்தை சுப்புலட்சுமிதான்.

குழந்தை படிப்பில் கெட்டி. 9 வயதில், செங்கல்பட்டு ஜில்லா முழுவதற்கும் நடந்த பரீட்சையில் நாலாவதாகத் தேறினாள். ஆண் பிள்ளையாக இருந்திருந்தால் வீட்டில் பாயசம் வைத்து, மேலே எந்தப் பள்ளிக்கூடம் என்று யோசித்திருப்பார்கள். பெண்ணாயிற்றே! மாப்பிள்ளை தேடினார்கள்.

அந்தக் காலத்தில் பிராமணக் குடும்பங்களில் பெண் பெரியவளாவதற்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். சுப்புலட்சுமிக்கு 11 வயதில் கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளில் மாப்பிள்ளை இறந்துபோனான். அவள் புருஷன் வீட்டுக்குப் போய்க் குடித்தனம் செய்யவே இல்லை. ஆனால் விதவை, விதவைதான்.

இனி அவள் கதி என்ன? அந்தக் காலத்து வழக்கப்படி அது முன்பே எழுதி வைத்த கதை. பூ இல்லை, பொட்டு இல்லை. வளையல் இல்லை. வயது வந்ததும் தலையை மொட்டை அடித்துவிடுவார்கள். நார்மடியோ வெள்ளையோ உடுத்த வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு. நல்ல காரியங்களுக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது. தெருவில் யாராவது புறப்படும்போது எதிரே வந்தால் அபசகுனம்.

இது இளமைக்கு. வயதான பிறகு?

கொல்லைக்கட்டுப் பாட்டி

அந்த நாளையப் பெரிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாள். தலையில் முக்காடு போட்டிருப்பாள். அவள் வீட்டுக்காரருக்கு அத்தையாக இருப்பாள், அல்லது அக்காவாக இருப்பாள், அல்லது எப்படி உறவு என்று குழந்தைகளுக்குச் சரியாகத் தெரியாத யாரோவாக இருப்பாள்.

விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்திருப்பவள் அவள். கிணற்றில் தண்ணீர் இறைப்பவள் அவள். சமையல் அவள். அப்பளம், வடாம், ஊறுகாய் அவள். பிரசவம் என்றால் பத்தியச் சமையலும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அவள். வீட்டுப் பெரியவர் படுத்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி புகட்டுவதும் அவளே.

இத்தனைக்கும் அவளுக்குக் கூலி கிடையாது. சோறும் துணியும் மூலையில் ஒரு இடமும்தான் சம்பளம். சோறு போடுகிறோமே என்ற பேச்சும் கூடவே உண்டு.

சொத்திலும் அவளுக்குப் பங்கு கிடையாது. கூட்டுக் குடும்பத்துச் சொத்து ஆண்களுக்கு. விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும். 1937-ல் வந்த சட்டம் விதவைக்குப் புருஷன் சொத்தில் ஒரு பங்கு கொடுத்தது. ஆனால் அது அவள் உயிருள்ளவரை அனுபவிக்கத்தான்; இஷ்டப்படி விற்கவோ கொடுக்கவோ முடியாது. முழு உரிமை வந்தது 1956-ல்.

சரி. அந்தப் பாட்டிக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது? பிள்ளை இல்லை, பெண் இல்லை, கையில் காசு இல்லை. தம்பி நல்லவனாக இருந்தால் பிழைத்தாள். தம்பியும் போய், தம்பி மகன் காலம் வந்தால் அவள் பாடு திண்டாட்டம். காசிக்கோ ராமேசுவரத்துக்கோ போய் சத்திரத்தில் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

11 வயது சுப்புலட்சுமிக்கும் இந்தக் கதிதான் காத்திருந்தது. அதற்கு ஒரு மாதிரி வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய சித்தி வாலாம்பாள். அவளும் இளவயதில் விதவையானவள்.

தகப்பனார் செய்த காரியம்

சுப்பிரமணிய ஐயர் வேறுவிதமாக முடிவு செய்தார். மகளுக்கு மொட்டை அடிப்பதில்லை. அவளைப் படிக்க வைப்பது.

இன்று கேட்டால் இது சாதாரணமாகத் தெரியும். அன்று அப்படி இல்லை. சொந்தக்காரர்கள் தூற்றினார்கள். அந்த வீட்டில் இன்னும் கல்யாணமாகாத பெண்கள் இருந்தார்கள். மூத்தவளை இப்படி வைத்துக்கொண்டால் இளையவர்களை யார் கட்டுவார்கள் என்ற பயம் எந்தத் தகப்பனுக்கும் வரும். அவருக்கும் வந்திருக்கும். இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. விசாலாட்சி அம்மாளும் புருஷன் பக்கமே நின்றார்.

முதலில் தகப்பனாரே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு எழும்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே சுப்புலட்சுமி ஒரு புது மாதிரிப் பெண்களைக் கண்டார். அவர்களுக்குக் கல்யாணம் இல்லை. அவர்களும் வெள்ளை உடுத்தினார்கள். ஆனால் அவர்களை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. மரியாதையாக சிஸ்டர் என்றார்கள். காரணம், அவர்கள் கையில் ஒரு வேலை இருந்தது!

பிற்பாடு தமக்கே அந்தப் பெயர் வந்தபோது அவர் அதை மறுக்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்து பிரஸிடென்ஸி கல்லூரி. 1911 ஏப்ரலில் பி.ஏ. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. வயது 24.

பட்டம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. அத்துடன் அவர் தம் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஒரு பெண் தப்பித்தாள் என்று கதை முடிந்திருக்கும்.

உபாத்தியாயினி கிடைக்கவில்லை

அப்போது சர்க்காருக்கு ஒரு சங்கடம் இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் திறந்தால் பெண்கள் வருவதில்லை. ஏன்? பாடம் சொல்ல ஆண் வாத்தியார்! வயது வந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. பெண் உபாத்தியாயினி வேண்டும். அவள் எங்கே இருக்கிறாள்? படித்த பெண்ணே கிடையாதே. கொஞ்சம் படித்த பெண்ணையும் 12 வயதில் கல்யாணம் செய்து கொடுத்துவிடுகிறார்களே.

பெண் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்த்த இன்ஸ்பெக்டர் மிஸ் லிஞ்ச் என்ற துரைசானி இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். சுப்புலட்சுமி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். ராஜதானி முழுவதும் ஆயிரக்கணக்கான சிறுமிகள் விதவையாகி வீட்டு மூலையில் கிடக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

இரண்டு பேரும் சந்தித்தார்கள். இரண்டு கணக்கும் ஒன்றோடு ஒன்று பொருந்தியது.

ஒரு பக்கம் ஆள் வேண்டும் என்று நிற்கும் வேலை. இன்னொரு பக்கம் வேலையே இல்லாமல் கிடக்கும் ஆள். விதவைக்கு மறுபடி கல்யாணம் இல்லை. ஆகையால் பாதியில் வேலையை விட்டுப் போக மாட்டாள். சமூகம் எதை அவளுடைய சாபம் என்று வைத்திருந்ததோ, அதுவே உத்தியோகத்துக்குத் தகுதியாகிவிட்டது. இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. ஆனால் அந்தக் கசப்புக்குள்ளே புகுந்துதான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆசிரியை வேலைக்குப் படிக்கும் விதவைப் பெண்களுக்கு சர்க்கார் உதவிப் பணம் கொடுக்க இசைந்தது. 1912-ல் சாரதா மாதர் சங்கம் தொடங்கிற்று. எழும்பூரில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறுமிகளோடு விடுதியும் தொடங்கிற்று.

சித்தியின் பங்கு

இங்கே வாலாம்பாள் சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மையாரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். அது நியாயமில்லை.

சுப்புலட்சுமி காலையில் வேலைக்குப் போய்விடுவார். விடுதியில் சிறு பெண்கள். ஒருத்தி அழுவாள், ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டு நினைப்பில் சாப்பிட மாட்டாள். இவர்களுக்குப் பொங்கிப்போட்டு, தலை வாரிவிட்டு, ஆசாரம் கெடாமல் அடுப்படியைக் காத்து, விடுதியை ஒரு வீடாக வைத்துக்கொண்டவர் சித்தி.

வெளியூரிலிருந்து ஒரு தகப்பன் தயங்கித் தயங்கிப் பெண்ணை அழைத்துவருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஏ. படித்த இளம் பெண்ணைக் கண்டால் அவனுக்கு நம்பிக்கை வருமா? மடியாக உள்ளே நிற்கும் வயதான அம்மாளைப் பார்த்தால்தான் வரும். மனைவியிடம் போய்ச் சொல்ல அவனுக்கு ஒரு சமாதானம் கிடைக்கும்.

ஒரு பெண் வெளியே போய்ச் சம்பாதிக்க வேண்டுமானால், இன்னொரு பெண் வீட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் அப்படி, இன்றைக்கும் அப்படி. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் காலை எட்டு மணிக்கு ஆபீசுக்கு ஓடும் மருமகள்களைப் பாருங்கள். குழந்தையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட வாசலில் நிற்பவர் மாமியாராகவோ அம்மாவாகவோ இருப்பார். சில வருஷம் கழித்து அந்த மாமியாருக்கு முழங்கால் முடியாமல் போகிறது, அல்லது நினைவு தப்புகிறது. அப்போது வேலையை விடுவது யார்? பெரும்பாலும் மகன் அல்ல.

ஐஸ் ஹவுஸில்

விடுதி வளர்ந்தது. எழும்பூர் வீடு போதவில்லை. திருவல்லிக்கேணியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அதுவும் போதவில்லை. ஊருக்கு நடுவே விதவைப் பெண்கள் கூட்டமாகப் போய்வருவதே சிலருக்குக் கண் உறுத்தியது. எதிரே வருவது அபசகுனம் ஆயிற்றே!

1917-ல் சர்க்கார் ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொண்டது. விடுதி அங்கே குடியேறியது. எதிரே கடல். பின்னால் ஊர். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. கொல்லைக்கட்டை விட்டு வெளியே தலைகாட்டாத பெண்கள் கடலைப் பார்த்தார்கள்.

அம்மையார் விடுதியைப் புரட்சிக்கூடமாக நடத்தவில்லை. ஆசாரங்களை அப்படியே வைத்துக்கொண்டார். மறுமணத்தை விடுதியின் கொள்கையாக வைக்கவில்லை. 1856-லேயே விதவா விவாகச் சட்டம் வந்திருந்தும், அந்தப் பேச்சை எடுத்தால் மறுநாளே பெற்றோர்கள் வண்டி பிடித்து வந்து பெண்களை அழைத்துப்போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். முதலில் படிப்பு, பிறகு சம்பளம், மற்றதெல்லாம் அப்புறம். இது அவருடைய முறை.

இதைக் குறை சொன்னவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். விதவையைப் படிக்க வைத்துக் குலத்தைக் கெடுக்கிறாள் என்றார்கள் வைதிகர்கள். இவ்வளவு பயந்தால் எப்படி என்றார்கள் சீர்திருத்தக்காரர்கள். முதலில் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்று இருந்ததையும் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. கணவனை இழந்து தவித்த பெண்கள் எல்லா ஜாதியிலும் இருந்தார்கள். பிற்பாடு அவர் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் எல்லா வகுப்புப் பெண்களும் படித்தார்கள்.

1920-ல் சர்க்கார் அம்மையாருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி திறந்தது. ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே கடற்கரைச் சாலையில். முதல் பிரின்ஸிபால் அம்மையார்தான். கூடவே, பயிற்சி பெறுகிறவர்கள் பாடம் நடத்திப் பழக ஒரு மாதிரிப் பள்ளிக்கூடம்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். எழுத்துத் தெரியாத சிறுமி விடுதிக்கு வருகிறாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பயிற்சிக்குச் சேர்கிறாள். உபாத்தியாயினியாகி வெளியூருக்குப் போகிறாள். அங்கே அவளிடம் படிக்கப் புதிய பெண்கள் வருகிறார்கள். பெண் உபாத்தியாயினி இருப்பதால் அவர்களைத் தைரியமாக அனுப்புகிறார்கள்.

முதல் தேதி அவள் கையில் சம்பளம் விழுகிறது. அதுவரை தங்கள் வீட்டில் அவளுக்குச் சோறு போட்டவர்கள், இப்போது அவளிடம் மணியார்டரை எதிர்பார்க்கிறார்கள். தம்பிக்குக் காலேஜ் சம்பளம், தங்கைக்குக் கல்யாணச் செலவு, அம்மாவுக்கு மருந்து. பாரம் என்று நினைத்த பெண்ணே வீட்டுக்குத் தூணாகிவிட்டாள்!

18 வயதுக்கு மேல்?

சர்க்கார் விடுதி சிறுமிகளுக்கானது. வயது வந்து விதவையானவர்களுக்கு அங்கே இடம் இல்லை. இருபது வயதில் கணவனை இழந்தவள் எங்கே போவாள்? அவளுக்கும் வயிறு உண்டு. அவளுக்கும் முதுமை வரும்.

அதற்காக அம்மையார், சர்க்கார் உதவியை நம்பாமல், சாரதா மாதர் சங்கத்தின் பேரில் சாரதா வித்யாலயம் என்ற பள்ளிக்கூடத்தை 1920-களில் தொடங்கினார். அதில் வயதுவந்த பெண்களும் சேர்ந்தார்கள். பின்னால் அது ராமகிருஷ்ணா மிஷன் கைக்கு மாறித் தியாகராய நகரில் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. அங்கே படிக்கும் இன்றைய மாணவிகள் பலருக்கு, அந்தப் பள்ளிக்கூடம் வயதுவந்த விதவைகளையும் மனத்தில் வைத்துத் தொடங்கியது என்பது வியப்பாக இருக்கலாம்.

அம்மையார் சர்க்கார் ஊழியர். ஆகவே அடையாறில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்தச் சங்கத்தார் பால்ய விவாகத்தை ஒழிக்கப் பாடுபட்டபோது அவரும் தம்மால் ஆனதைச் செய்தார். 1929-ல் சாரதா சட்டம் நிறைவேறியது. 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயதுக்குள் கல்யாணம் கூடாது என்றது சட்டம். மீறியவர்கள் ஏராளம். ஆனாலும் பால்ய விதவைகளின் வரவு மெல்ல மெல்லக் குறைந்தது.

அவர் பிறந்த அதே 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் சட்டசபையில் முழங்கினார். 1930-ல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார். முத்துலட்சுமி அம்மையார் கதவைத் தட்டித் திறந்தவர். சுப்புலட்சுமி அம்மையார் சத்தமில்லாமல் தாழ்ப்பாளை நீக்கியவர். இருவரும் வேண்டியிருந்தது.

ஓய்வு எடுக்காத ஓய்வு

சர்க்கார் கணக்கில் 55 வயது ஆனால் வேலை முடிந்தது. 1941-ல் அம்மையாருக்கு 55.

அந்த நாளில் 55 என்பது நல்ல முதுமை. அவர் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தைக்குச் சராசரி ஆயுள் 25 வயதுகூட இல்லை. பிறந்த குழந்தைகள் பெருவாரியாகச் செத்ததால் சராசரி அவ்வளவு கீழே இருந்தது. ஆனாலும் அறுபதைக் கண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பென்ஷன் வாங்கிக்கொண்டு ராமாயணம் படிக்க வேண்டிய வயது அது.

மறு வருஷமே, 1942-ல், அம்மையார் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். யாருக்கு? பள்ளிக்கூட வயது தாண்டிவிட்ட பெண்களுக்கு!

முப்பது வயதுப் பெண்ணைப் பத்து வயதுக் குழந்தைகளோடு பெஞ்சில் உட்கார வைக்க முடியாது. அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்பாவது தேறாமல் ஆசிரியப் பயிற்சிக்குப் போக முடியாது. மற்ற வேலைகளும் சுலபத்தில் கிடையா. கணவன் இறந்தவள், கணவன் கைவிட்டவள், வரும்படி போதாத வீட்டுக்காரி, இவர்களுக்கெல்லாம் படிப்பு ஒரு முறை தவறினால் தவறியதுதான் என்று இருந்தது. அது அப்படி இல்லை என்று காட்டியது அந்தப் பள்ளிக்கூடம்.

நடத்தியவர் ஓய்வுபெற்றவர். படித்தவர்கள் வயது தாண்டியவர்கள். இரண்டு பேரையும் உலகம் இனிமேல் உபயோகமில்லை என்று ஒதுக்கியிருந்தது.

1952 முதல் 1956 வரை அவர் சென்னை சட்ட மேல்சபையில் அங்கத்தினராக இருந்தார். 1954-ல், 68 வயதில், தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல நிலையம் ஏற்பட உதவினார். 1956-ல், மயிலாப்பூர் மாதர் கிளப்பின் தலைவியாக இருந்தபோது, கிளப்பின் பேரில் ஒரு பள்ளிக்கூடச் சங்கம் ஏற்படுத்தினார். அதுதான் இன்றைய மயிலாப்பூர் வித்யா மந்திர். அப்போது அவருக்கு வயது 70. 1958-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1912-ல் எழும்பூர் விடுதியில் 12 வயதில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 1955-ல் 55 வயது. அதாவது, அம்மையாரின் முதல் வரிசைப் பெண்கள் தாங்களே ஓய்வுபெறும் காலம் அது. அதே 1955-ல்தான், சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு சேமநிதி, இன்ஷூரன்ஸ், பென்ஷன் மூன்றும் சேர்ந்த திட்டத்தைச் சென்னை ராஜ்யம் கொண்டுவந்தது. நாட்டிலேயே இதை முதலில் செய்தது சென்னைதான். அதற்கு முன் சர்க்கார் பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு பென்ஷன் உண்டு. மற்றவர்களுக்குச் சேமநிதியோடு சரி.

உத்தியோகம் பார்க்காத ஏழை முதியவர்களுக்கு சர்க்கார் உதவிப் பணம் வந்தது 1962-ல். ஆதரவற்ற விதவைகளுக்கென்று தனித் திட்டம் வந்தது 1975-ல். 1912-ல் இவை எதுவும் இல்லை. ஒரு பெண் முதுமையில் பிறர் கையை எதிர்பார்க்காமல் இருக்க வேண்டுமானால், அவள் இளமையில் சம்பாதித்திருக்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

பாட்டிகளின் ஊர்

இப்போது காலம் மாறிவிட்டது. பால்ய விதவை என்ற சொல்லே குழந்தைகளுக்குப் புரியாது. ஆனால் முதியவர்கள் பெருகிவிட்டார்கள். 2011 ஜனக் கணக்கில், தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். சுமார் 75 லட்சம் பேர். 2031-ல் இது நூற்றுக்குப் பதினெட்டு ஆகும் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நம்முடைய ராஜ்யம்தான்.

இதில் பெண்களின் நிலை கொஞ்சம் வேறு. பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள். கணவனைவிட வயதில் இளையவர்களும்கூட. ஆகையால் கணவன் போன பிறகு பல வருஷம் தனியாக இருக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்களே. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியும், தியாகராய நகர் அடுக்கு மாடிகளிலும், அடையாறு காந்தி நகரிலும் தனியே வாழும் பாட்டிகள் உண்டு. பிள்ளைகள் அமெரிக்காவில், அல்லது பெங்களூரில்.

அந்தப் பாட்டிகளுக்குள் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஒருவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்திலோ, பாங்கிலோ, தபாலாபீசிலோ வேலை பார்த்தவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வார். மருந்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்னொருவரும் அதே முப்பது வருஷம் வேலை பார்த்தவர்தான். ஆனால் வீட்டில். மாமனாருக்கு, மாமியாருக்கு, கணவனுக்கு, பேரக்குழந்தைக்கு. அவருக்கு மாதம் பிறந்தால் எதுவும் வருவதில்லை, மகன் அனுப்பினால் உண்டு.

முதல் பாட்டிக்குத் துணையாக வருகிறாளே, கண்ணகி நகரிலிருந்தோ வேறெங்கிருந்தோ பஸ் பிடித்து, அவளையும் மறந்துவிடக் கூடாது. வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது இன்று சம்பளம் வாங்கும் வேலையாகிவிட்டது. அந்நாளில் கொல்லைக்கட்டுப் பாட்டி சோற்றுக்குச் செய்ததை இவள் பணத்துக்குச் செய்கிறாள். அது முன்னேற்றம்தான். ஆனால் சேமநிதியும் பென்ஷனும் அநேகமாக இவளுக்குக் கிடையாது. இவளுக்கு 70 வயது ஆகும்போது இவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதற்கு இன்னும் ஒரு மிஸ் லிஞ்சும் ஒரு சிஸ்டரும் சந்தித்துப் பேசியாகவில்லை.

தொழிற்சாலை வேலையில் தமிழ்நாட்டுப் பெண்கள் நாட்டுக்கே முன்னால் நிற்கிறார்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த ஒரு ராஜ்யத்தில்தான். அவர்களில் பலர் கல்யாணத்துக்கு முன் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அம்மையாரின் பெண்களோ முப்பது, நாற்பது வருஷம் வேலையில் நின்றார்கள். காரணத்தைத்தான் முன்பே பார்த்தோம்: அவர்களுக்கு வீடு என்று ஒன்று இல்லை. வீடும் இருந்து வேலையும் நிலைத்திருக்க வேண்டுமானால், வீட்டிலுள்ள முதியவர்களை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பகல் நேரத்தில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் நிலையங்கள் சென்னையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருக்கின்றன. தேவைக்கு அவை போதா.

கடைசி நாட்கள்

சுப்புலட்சுமி அம்மையாருக்குப் பிள்ளை இல்லை, பேரன் இல்லை. ஆனால் அவர் கடைசி வரையில் யாருடைய தயவிலும் வாழவில்லை. தாம் சம்பாதித்து, தம் பென்ஷனில், தாம் பிறந்த மயிலாப்பூர்ப் பக்கத்திலேயே பொதுக் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கில மாது ஒரு புத்தகம் எழுதி 1966-ல் வெளிவந்தது. அப்போது அம்மையாருக்கு 80 வயது.

ஐஸ் ஹவுஸ் கட்டிடம் பின்னால் விடுதியாகவும் வேறு விதமாகவும் இருந்து, 1997-ல் ராமகிருஷ்ண மடத்தின் கைக்கு வந்தது. பக்கத்தில் லேடி வெலிங்டன் பெயரில் ஆசிரியப் பயிற்சி இன்றும் நடக்கிறது. அங்கே பயிலும் பெண்கள் மாலையில் பஸ்ஸுக்காகக் கடலைப் பார்த்தபடி நிற்பதைக் காணலாம்.

1969-ஆம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதி அம்மையார் காலமானார். வயது 83. அன்று வைகுண்ட ஏகாதசி.